ஜெயக்கொடி அக்கா வாய்விட்டுப் படித்த படம்

1

“மலேசியாவா? ஆனா தமிழ் சூப்பரா பேசறீங்களே மேடம்!”

தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் மனதாரச் சொன்னார். நான் மயிலாப்பூருக்கு வாழ வந்து அன்றோடு பன்னிரண்டு வருஷம். இந்தப் பாராட்டு கிடைக்காத வருஷம் ஒன்றுகூட இல்லை. ஈப்போவில் தமிழ்ப் பள்ளியில் படித்தேன், வீட்டில் தமிழ், கோயிலில் தமிழ், சண்டை வந்தாலும் தமிழ்தான் என்று முன்பெல்லாம் மூச்சு வாங்க விளக்குவேன். இப்போது, “நீங்களும் நல்லாத்தான் பேசறீங்க தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை நீட்டிவிடுகிறேன்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“வெளிநாட்டுப் படங்களுக்குக் கீழ தமிழ் எழுத்து ஓடுமே, அதை எழுதுறேன்.”

“ஓ, சப்டைட்டிலா! எந்தெந்த ஹீரோ படம் பண்ணியிருக்கீங்க?”

“ஹீரோவே இல்லாத படங்கதான்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில், “வீட்ல அம்மாவும் நானும்தான். சனிக்கிழமை ஆனா என்ன பாக்கறதுன்னே தெரியல. ரொம்ப அழுவாச்சியா இல்லாம ஒண்ணு சொல்லுங்களேன்” என்றார். சொன்னேன். என் தாள்களுக்கு முத்திரை குத்திய கையோடு படத்தின் பெயரைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

ஈப்போவிலிருந்து என் தோழி லெட்சுமியும் இதையேதான் கேட்கிறாள். ‘சும்மா பேரை மட்டும் அனுப்பாத லா, ஏன் பாக்கணும்னு எழுது’ என்று எங்கள் ஊர் ‘லா’வோடு அவள் கட்டளை. அதனால் எழுதுகிறேன். மூன்று படங்களைச் சொல்லப்போகிறேன். ஒன்றைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதியைப் பிரித்து வைத்த படம் அது.

2

லெட்சுமி, நம் ஈப்போவில் கீழே எழுத்து ஓடாத படத்தை நாம் எப்போது பார்த்தோம்? தமிழ்ப் படத்துக்கும் மலாய் எழுத்து, சீனத் தொடருக்கும் மலாய் எழுத்து. என் அம்மாவுக்குச் சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் சாயங்காலத் தொடரை ஒரு நாள்கூட விடமாட்டார். எழுத்தை மலாயில் படித்து எங்களுக்குத் தமிழில் சொல்வார். “அந்த மாமியார்க்காரிய நம்பாத, பாரு, சாவிய ஒளிக்கிறா.” சின்ன வயதில் எனக்கு அது விசேஷமாகவே தோன்றவில்லை. எல்லா வீட்டிலும் அம்மாக்கள் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இன்று அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

சென்னையில் கதை வேறு. இங்கே படம் பார்ப்பவர்களுக்கு நிகர் உலகத்தில் கிடையாது. ஆனால் கீழே எழுத்து என்றால் முகம் சுளிப்பார்கள். “படிக்கறதா, பாக்கறதா?” என்று என் கணவர் முரளியே கேட்டவர். ஈக்காட்டுத்தாங்கலில் சின்ன லேத் பட்டறை நடத்துகிறவர், நாள் முழுக்கக் கூர்ந்து பார்த்துவிட்டு வருகிற கண். அவருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதல் இருபது நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நீங்கள் படிப்பதை மறந்துவிடுவீர்கள். அந்த ஆட்களே தமிழில் பேசுவது போலக் கேட்க ஆரம்பிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் வேலை செய்யும் இடம் தேனாம்பேட்டை. ஜன்னலைத் திறந்தால் சிக்னலின் மொத்த ஹாரன் சத்தமும் உள்ளே வந்துவிடும் என்பதால் எப்போதும் மூடியே இருக்கும் ஓர் அலுவலகம். என் எழுத்தைத் திருத்துகிறவர் கார்த்திக், என்னைவிட மிகவும் சின்னவர். ஜார்ஜியா நாட்டுப் படம் ஒன்று வந்தது. மலைப்பாதையில் ஓடும் ஒரே ஒரு பேருந்து, அதை ஓட்டும் கிழவர். ஏறுகிறவர்கள் எல்லாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவார்கள். நான் அதைப் ‘பசியாறியாச்சா?’ என்று எழுதியிருந்தேன்.

“மேடம், இது என்ன? ‘சாப்பிட்டீங்களா’ன்னு போடுங்க. பசியாறறதுன்னா இங்க யாருக்கும் பழக்கம் இல்ல.”

“புரியாதா, பழக்கம் இல்லையா?”

“புரியும்... ஆனா...”

“புரிஞ்சா போதும் தம்பி. மலைக்கிராமத்துல ஒரு வார்த்தை கொஞ்சம் வேற மாதிரி இருந்துட்டுப் போகட்டும்.”

விட்டுக்கொடுத்தார். வீட்டில் அப்படி யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. என் மகள் யாழினி கைக்குழந்தையாக இங்கே வந்தவள், இப்போது ஆறாம் வகுப்பு முடித்துவிட்டாள். “பசியாறிட்டியா?” என்று கேட்டால், “இன்னாம்மா நீ, என் பிரண்டுங்க முன்னாடி மட்டும் இப்டி கேக்காத” என்கிறாள். பூப்பந்துப் போட்டியில் மலேசியாவும் இந்தியாவும் மோதினால் சோபாவின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் கத்தினால் அவள் என்னை எதிரி நாட்டுத் தூதரைப் போலப் பார்க்கிறாள். முதலில் வலித்தது. பிறகு யோசித்தேன். அவளுக்கு ஓர் ஊர் கிடைத்துவிட்டது, அதற்காகவும் கத்தலாம்.

எனக்கு ஓர் ஊர் கிடைத்தது எங்கள் குடியிருப்பின் தரைத்தள ஹாலில். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அங்கே படம் போட ஆரம்பித்தேன். அதற்கு முன்பு நான் ‘இரண்டாம் மாடி மலேசியாக்காரம்மா’. படம் போட ஆரம்பித்த பிறகு எனக்குப் பெயர் வந்தது. வாட்ச்மேன் பாபு கேட்டிலேயே மறிப்பார். “அக்கா, இன்னிக்கு இன்னா படம்? போன வாரம் மாரி ஸ்லோவா கீதா?” ஸ்லோவாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும் வந்து பின்வரிசையில் உட்காருவார்.

ஹால் சாவியை எனக்குக் கொடுத்தவர் சங்கத் தலைவர் தங்கராஜ் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், தி. நகரில் பாத்திரக் கடை. அவர் மனைவி ஜெயக்கொடி அக்கா. அக்காவுக்குப் படிப்பது கொஞ்சம் நிதானம். அதனால் திரையில் வரும் எழுத்தை முணுமுணுவென்று வாய்விட்டே படிப்பார். முதலில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லாருக்கும் பழகிவிட்டது. பிரேசில்காரி ஒருத்தி அழுதுகொண்டே பேசுவதை அக்காவின் தூத்துக்குடித் தமிழில் கேட்டால் ஒரு தனி ருசி.

3

அந்த ஜார்ஜியா படத்தைப் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பதினைந்து பேர் இருந்திருப்போம்.

கதை எளிது. கிழவரின் மகள் அவருக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டு மலைவளைவில் ஒரு வீட்டில் இருக்கிறாள். தினமும் அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் பேருந்து போகிறது. அங்கே ஒரு நிறுத்தமும் உண்டு. ஆனால் வளைவு வந்ததும் கிழவர் பார்வையை நேராக வைத்துக்கொண்டு வேகம் எடுப்பார். பயணிகள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். அந்த வாசலை ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு கிழவரின் பிடரியைப் பார்ப்பார்கள். அங்கே இறங்க வேண்டியவர்கள்கூட அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பார்கள்.

இந்த இடத்தில் அண்ணாச்சி எழுந்தார். “கடைக்கு லோடு வருது” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். தி. நகரில் ஞாயிறு என்ன, திங்கள் என்ன. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா மட்டும் அவர் போன கதவைப் பார்த்துவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினார்.

படத்தின் பாதியில் கிழவரின் மனைவி, வாழ்நாளில் முதல்முறையாக, அவருடைய பேருந்தில் பயணியாக ஏறுகிறாள். காசை எண்ணிக் கொடுத்து வளைவு நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்கிறாள். கிழவர் அவளைப் பார்க்காமல், “வீட்டுக்குப் போ” என்கிறார். அக்கா படித்துக்கொண்டே வந்தார்.

“நான் இப்போது உன் பெண்டாட்டி இல்லை. பயணி. டிக்கெட் வாங்கியாச்சு. நீ...”

அடுத்த வரி திரையில் இருந்தது. ‘நீ நிறுத்தித்தான் ஆகணும்.’ அக்காவின் குரல் வரவில்லை. அதற்குப் பிறகு படம் முடியும்வரை அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.  அக்கா தூங்கிவிட்டார் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கேட்டருகே பாபு ஓடி வந்தார்.

“அக்கா, மேட்டர் தெர்யுமா? ஜெயக்கொடியம்மா பைய தூக்கிக்கினு கெளம்பிட்ச்சு. ‘கொட்டிவாக்கம் போறேன், ஐயா வந்தா சொல்லிடு’ன்னு சொல்லிட்டு போய்க்கினே கீது. கார் வேணாமாம். பஸ்ல போவுதாம். அண்ணாச்சிகிட்ட நான் இன்னான்னு சொல்றது?”

கொட்டிவாக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு வசந்தா மாமிக்குத் தெரிந்திருந்தது. பாட்டு சொல்லிக்கொடுப்பவர், ஞாயிறு படத்துக்குத் தவறாமல் வருகிறவர்.

“ஏன்டி, நோக்கு நிஜமாவே தெரியாதா? அவா பொண்ணு சுபா அங்கதானே இருக்கா. நீ இங்க வரதுக்கு முன்னாடியே ஆத்துல சொல்லாம ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிண்டா. அதுலேர்ந்து அந்தப் பேரையே யாரும் எடுக்கப்படாதுன்னுட்டார் அண்ணாச்சி. இப்ப ஒரு கொழந்தைகூடப் பொறந்தாச்சு. நேத்து நீ அந்தப் படத்தைப் போட்டதும் தெரிஞ்சேதான் போடறியோன்னு நெனச்சுண்டேன்.”

“எனக்கு யாருமே சொல்லலையே மாமி.”

“நீ வெளியூர்க்காரியாச்சே. இதெல்லாம் நோக்கெதுக்குன்னு விட்டிருப்பா.”

பன்னிரண்டு வருஷம். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றிருக்கிறேன், வெள்ளத்தின்போது அக்கா வீட்டு அரிசி மூட்டையை நானும் சேர்ந்து மாடிக்குத் தூக்கியிருக்கிறேன். ஆனாலும் கட்டடம் முழுக்கத் தெரிந்த ஒன்று என் கதவு வரைக்கும் வரவில்லை. அன்று காலை அது உறுத்தியது. மத்தியானத்துக்குள் வேறு மாதிரி தோன்றியது. தெரிந்திருந்தால் நாகரிகம் கருதி அந்தப் படத்தைப் போட்டிருக்கவே மாட்டேன். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் நாகரிகமாகத்தானே இருந்தார்கள்? அதனால்தான் அக்கா இத்தனை நாள் மகளைப் பார்க்கப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

4

அண்ணாச்சி அன்று மாலையே வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“ஏம்மா, உன்னய நம்பித்தான ஹால் சாவியக் குடுத்தேன்? என் வீட்டுக் கதைய எனக்கே படமாப் போட்டுக் காட்டுதியா?”

“அண்ணாச்சி, உங்களுக்கு மக இருக்கிறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.”

 அந்த மாடிப்படியில் ‘உங்கள் மகள்’ என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்லி வருஷங்கள் ஆகியிருக்கும். மாமி வீட்டுக் கதவு இடுக்கில் சங்கீதம் நின்றுபோயிருந்தது.

“இனிமே ஹால்ல படம் கிடையாது. சாவியக் குடு.”

கொடுத்தேன்.

“ஒரு சாரி சொல்லிடேன்” என்றார் முரளி. “நாளைக்கு ஏதாவதொண்ணுன்னா அவர்கிட்டதான் போய் நிக்கணும்.”

“எதுக்கு சாரி? நல்ல படம்னு சொன்னேன். நல்ல படம்தான்.”

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டு வரவேற்பறையில் படம் போட்டேன். ஐந்தாறு பேர் வந்தார்கள். மாமி தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார், என் சோபாவில் அவருக்கு முதுகு வலிக்குமாம். அன்று போட்டது பொலிவியா நாட்டுப் படம். லெட்சுமி, இதைக் குறித்துக்கொள். உப்புப் பாலைவனத்தில் இரண்டு அண்ணன் தம்பிகள், ஒரே கிணறு, பேச்சு கிடையாது. வாளி மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒருவன் வைத்துவிட்டுப் போகிற விதத்திலிருந்து மற்றவன் அவன் மனநிலையைக் கண்டுபிடிப்பான். மொத்தப் படத்திலும் வசனம் நான்கு பக்கம் தேறாது. எனக்கு வேலை குறைவு, உங்களுக்கு நிறைவு அதிகம்.

அதற்கடுத்த வாரம் வியட்நாம் படம். படகுக்காரி ஒருத்தி, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரனோடு ஒரு வாரம் இருக்கிறாள். அவனுக்கு அவள் மொழி தெரியாது. கடைசி நாளில் அவன் ஒரே ஒரு சொல் சொல்கிறான், அதுவும் தப்பான உச்சரிப்பில். என்ன சொல் என்று நான் சொல்லமாட்டேன். யாழினி என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். படம் முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய், சமையலறையிலிருந்து, “அம்மா, நீ பசியாறிட்டியா?” என்று குரல் கொடுத்தாள். கிண்டல்தான். இருந்தாலும் சொல் சரியாக இருந்தது.

இதற்கு நடுவில் அக்கா மத்தியானங்களில் எனக்குப் போன் செய்து அண்ணாச்சியை விசாரிப்பார்.

“அவிய சாப்பிட்டாவளா?”

“மெஸ்ல இருந்து எடுப்புச் சாப்பாடு வருதுக்கா. பாபு வாங்கிக் குடுக்கிறாரு.”

“மெஸ் சாப்பாடு அவியளுக்குச் சேராதேம்மா. நெஞ்சு எரியும்.”

“அப்ப வந்துடுங்களேன்.”

“அது மட்டும் சொல்லாத. நான் சண்டை போட்டுட்டு வரல. என் பேத்தியத் தூக்கிட்டு இருக்கேன். அவிய வரட்டும்.”

குரலில் அழுகை இல்லை. பின்னணியில் ஒரு குழந்தை எதையோ தரையில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தது.

5

மூன்று ஞாயிறு போயிருக்கும். நாங்கள் படம் போட உட்காரும் நேரம் அழைப்பு மணி அடித்தது. அண்ணாச்சி நின்றார். நன்றாக இளைத்திருந்தார். சட்டை இஸ்திரி இல்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“அந்த பஸ்ஸுக்காரன் படம் இருக்கா?”

“இருக்கு அண்ணாச்சி. நீங்க விட்ட இடத்துல இருந்து போடவா?”

“மொதல்ல இருந்தே போடு.”

போட்டேன். மாமி, முரளி, யாழினி, கீழ்வீட்டுத் தம்பதி, கதவோரம் பாபு.  மனைவி டிக்கெட் வாங்கும் காட்சியில் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கடைசிக் காட்சியில் வளைவு வருகிறது. பேருந்து நிற்கிறது. மனைவி இறங்கி அந்த வாசலை நோக்கி நடக்கிறாள். கதவு திறந்தபடி, எஞ்சின் ஓடியபடி. பயணிகள் எல்லாரும் கிழவரையே பார்க்கிறார்கள். கிழவரின் கை கியரின் மேல். திரை இருள்கிறது.

“என்ன, அவ்வளவுதானா?” அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “எறங்கினானா இல்லியா?”

“சொல்லல அண்ணாச்சி. நம்ம யோசனைக்கு விட்டுட்டாங்க.”

“அதெப்படிம்மா? மூடியில்லாத தூக்குச்சட்டிய எவனாவது யாவாரம் பண்ணுவானா?”

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வெறும் திரையைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாத குரலில் சொன்னார்:

“எறங்க மாட்டான். எப்படி எறங்குவான்? அவனுக்கு ஆசையில்லாம இல்ல. பஸ்ஸு முழுக்க ஆளு உக்காந்து அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கு. இத்தன பேரு பாத்துக்கிட்டு இருந்தா மனுஷன் எப்படி எறங்குவான்?”

அந்தப் படத்துக்கு நான் வரி வரியாகத் தமிழ் எழுதியவள். எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தவள். பயணிகளை நான் ஊர்க்காரர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கிழவரைக் கட்டிப்போட்டிருப்பது அவர்களுடைய கண்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அறையில் இருந்த நாங்கள் எல்லாருமே அப்போது அண்ணாச்சியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமிதான் முதலில் அசைந்தார். தன் நாற்காலியைத் தூக்கி, சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“நாங்க பாக்கலை, அண்ணாச்சி. நீங்க போய்ட்டு வாங்கோ.”

அண்ணாச்சி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு எழுந்து படியிறங்கிப் போனார். அன்று அவர் எங்கேயும் போகவில்லை. திங்கள், செவ்வாயும் வழக்கம்போலக் கடைக்குத்தான் போனார். கட்டடத்தில் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாமி எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

புதன்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது பாபு கிட்டே வந்தார். “அக்கா, அண்ணாச்சி கார உட்டுட்டு ஆட்டோல போய்க்கிறாரு. கையில ஒரு பை. திருவான்மியூர் வழியா போன்னு ஆட்டோகாரன்கிட்ட சொன்னாரு. நான் பாக்கல, ஆனா காதுல உயுந்துச்சு.”

தேனாம்பேட்டை போய்ச் சேர்ந்து, மேசையில் உட்கார்ந்து, வேலை ஓடாமல், கடைசியில் அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் கிசுகிசுத்தார்.

“வந்துட்டாவம்மா. வாசல்லதான் நிக்காவ. நான் அடுக்களைக்குள்ள நிக்கேன்.”

“உள்ள கூப்பிடலையா?”

“நான் கூப்பிட்டா ஆச்சா? மருமவன்லா கூப்பிடணும். ஒரு பையக் குடுத்தாவ. பிள்ளைக்கு எவர்சில்வர் தட்டு, டம்ளர். பேரு வெட்டிக் கொண்டாந்துருக்காவம்மா. ‘மகிழினி’ன்னு. பிள்ளை பேர அவியகிட்ட யாருமே சொல்லல. எப்படித்தான் தெரிஞ்சுக்கிட்டாவளோ.”

“நல்லதுதானேக்கா.”

“முழுசாக் கேளு. முன்னாடி இனிஷியலும் வெட்டியிருக்கு. ‘க’ன்னு. மருமவன் பேரு கதிரு.”

 முரளியின் ‘மு’வைப் போட்டுத்தான் யாழினியின் பெயர் எல்லாத் தாளிலும் இருக்கிறது. தாத்தா ஒருவர் தன் பேத்தியின் தட்டில் அந்த ஓர் எழுத்தை வெட்டச் சொல்லிக் கடைப் பையனிடம் நீட்டிய நேரத்தை நினைத்துக்கொண்டேன்.

“கதிரு தம்பி தட்டையே பாத்துக்கிட்டு நிக்கி” என்றார் அக்கா. தள்ளி ஓர் ஆண் குரல் கேட்டது, என்ன சொன்னது என்று பிடிபடவில்லை. 

“என்னக்கா? என்ன சொன்னாரு?”

“‘உள்ள வாங்க மாமா’ங்கி.”

“அண்ணாச்சி?”

“செருப்பக் கழட்டுதாவ. வச்சிருதேன்மா.”